கண்மாய், கரண்ட், சோறு: மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால் தெரிவது என்ன?

மேலூருக்குக் கிழக்கே எங்கள் தாத்தாவின் கிணற்றோரம் கமலைக் கல் இன்னும் கிடக்கிறது. இரண்டு காளைகள் சரிவில் இறங்கும்போது வடம் இழுபட்டு, இரும்புச் சால் தண்ணீரோடு மேலே வரும். காளைகள் பின்வாங்கி ஏறும்போது சால் மறுபடி கிணற்றுக்குள் போகும். பகல் முழுக்க இறைத்தாலும் ஒரு ஏக்கர் முழுதாக நனையாது. காளைகள் தின்றது வைக்கோல், அதுவும் அந்த வயலில் விளைந்ததுதான். சாணம் பாதி எருக்குழிக்குப் போகும், பாதி வறட்டியாகி அடுப்புக்குப் போகும். எரிசக்தி, சுற்றுச்சூழல், உணவு என்று இன்று தனித்தனியாக ஆராயப்படும் மூன்றும் அன்று ஒரே தொழுவத்தில் கட்டிக் கிடந்தன.

அதைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. ஏர்மாடு இருந்தவர் வீட்டில்தான் கமலை இருந்தது. மாடு இல்லாதவர், இருப்பவரிடம் இரவல் கேட்டு, அந்தக் கடனை உடல் உழைப்பால் தீர்த்தார். சக்தி யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் தண்ணீர், அவர் சொல்கிறபடிதான் விளைச்சல். கமலை போய் மோட்டார் வந்த பிறகும் இந்தக் கணக்கு மாறியதா என்பதுதான் சமூக அறிவியல் ஆராய்ச்சியாளர்கள் தமிழக கிராமங்களில் திரும்பத் திரும்பக் கேட்டுவந்த கேள்வி.

தண்ணீர், எரிசக்தி, உணவு ஆகியவற்றின் பிணைப்பு என்ற சொல் 2011 நவம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. ஒன்றில் கை வைத்தால் மற்ற இரண்டும் அசையும், ஆகவே மூன்றுக்கும் சேர்த்துத் திட்டமிட வேண்டும் என்பதே அதன் சாரம். நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பேச்சில் கன மீட்டரும் மெகாவாட்டும் டன்னும் இருந்த அளவுக்கு ஆட்கள் இல்லை என்று சமூக அறிவியலாளர்கள் குறைபட்டார்கள். யாருடைய தண்ணீர், யாருக்குக் கரண்ட், யார் தட்டில் சோறு என்று கேட்காமல் பிணைப்பைப் பற்றி மட்டும் பேசினால் பாதிக் கதைதான் கிடைக்கும். அந்தக் குறை நியாயமானது என்பதற்கு மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களே போதுமான சாட்சி.

முதலில் பெரியாற்றுத் தண்ணீர். 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணை, மேற்கே ஓடிய தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பியது. வயலுக்காகத்தான் அந்த வேலை நடந்தது. 1950-களின் கடைசியில் மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் மின்நிலையம் வந்ததும் அந்தத் தண்ணீருக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. மலையிலிருந்து இறங்கும் வேகத்தில் மின்சாரம் தந்துவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களைத் தொட்டு, 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையில் தேங்கி, பேரணை என்ற இடத்திலிருந்து பெரியாறு பிரதானக் கால்வாய் வழியாக மதுரைப் பக்கம் வருகிறது. இப்போது லோயர் கேம்ப்பிலிருந்து மதுரைக்கு நேரடிக் குடிநீர்க் குழாயும் போட்டாயிற்று. ஒரே தண்ணீரை மின்சாரத்துக்கும் நெல்லுக்கும் நகரத்தின் குடத்துக்கும் கணக்குப் போட்டுப் பிரிக்கிறார்கள்.

பிரதானக் கால்வாயில் கள்ளந்திரி என்ற இடத்தில் ஒரு கோடு விழுகிறது. அதற்கு மேலே 45,041 ஏக்கர் இருபோகம். கீழே மேலூர் வரையும், திருமங்கலம் பிரதானக் கால்வாயையும் சேர்த்து 1,05,002 ஏக்கர் ஒருபோகம். மேலே இருப்பவர்களுக்கு முதலில் தண்ணீர் விடுவார்கள். நாங்கள் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள். அணை மட்டம் போதுமான அளவு ஏறினால்தான் எங்கள் ஷட்டர் திறக்கும். சில வருடம் திறக்கவே திறக்காது. அந்த வருடங்களில்தான் எங்கள் ஊரில் யாருக்குக் கிணறு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது வெட்டவெளிச்சமாகும்.

அப்புறம்தான் கரண்ட் கதை. கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோனதில் தமிழகம் நாட்டுக்கே முன்னோடி. சுதந்திரத்துக்குப் பின் முதல் சில பத்தாண்டுகளில் விவசாய மோட்டார் செட்டுகள் அதிகம் ஓடிய மாநிலம் இதுதான். கரண்ட்டுக்குக் கட்டணம் உயர்த்தியபோது 1970-களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் திரண்டார்கள். 1972-இல் கோவை நகரத் தெருக்களைக் கட்டை வண்டிகளால் நிறைத்தார்கள். போராட்டங்களில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. 1984-இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் தந்தது. 1989-இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு அதை எல்லா விவசாயிகளுக்கும் விரித்தது. 2003-இல் ஜெயலலிதா அரசு கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவந்தது, அடுத்த ஆண்டே வாபஸ் வாங்கியது. இன்று 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் மாநிலத்தில் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் மீட்டரே கிடையாது. எத்தனை குதிரைத்திறன் மோட்டார் என்று பார்த்து, இவ்வளவு ஓடியிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள்.

இதே காலத்தில் கண்மாய்ப் பாசனத்துக்கு என்ன ஆனது என்று பாருங்கள். தமிழகத்தில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள். 1960-களில் மாநிலத்தின் பாசனப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அவற்றை நம்பி இருந்தது. இன்று ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. அன்று கால் பங்கு அளவில் இருந்த கிணற்றுப் பாசனம் இன்று பாதியைத் தாண்டிவிட்டது. கண்மாயில் தண்ணீர் இல்லாததால் கிணறு வெட்டினார்களா, கிணறு வந்ததால் கண்மாயைக் கைவிட்டார்களா என்று ஆராய்ச்சியாளர்களிடையே நெடுநாள் விவாதம் உண்டு. இரண்டும் நடந்தன என்பதுதான் நான் பார்த்தது. ஒன்று இன்னொன்றைத் தள்ளிக்கொண்டே போயிற்று.

எப்படித் தள்ளியது என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். கண்மாய் ஒரு கூட்டுச் சொத்து. தண்ணீர் வந்து சேரும் வரத்துக்காலில் மண் அள்ள வேண்டும், கரையை உயர்த்த வேண்டும், நிறைந்த பின் மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கைப் பார்க்க வேண்டும், மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று யாராவது சண்டையில்லாமல் தீர்க்க வேண்டும். இதற்கென்று நீர்பாய்ச்சி இருந்தார். சில ஊர்களில் மடைக்குடும்பன் என்பார்கள், இன்னும் சில ஊர்களில் நீர்கட்டி. அறுவடையில் களத்திலேயே நெல்லாகக் கூலி. கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலப்பரப்பான ஆயக்கட்டில் வயல் வைத்திருப்பவர்கள் வீட்டுக்கு ஓர் ஆள் என்று மராமத்துக்கு வருவார்கள். பொதுச் சொத்துகளை மக்களே விதி வகுத்து நெடுங்காலம் காப்பாற்ற முடியும் என்று காட்டி 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர் எலினார் ஆஸ்ட்ரம். அதற்கு அவர் சொன்ன நிபந்தனைகளில் இரண்டு இங்கே அப்படியே பொருந்தும். ஒன்று, உழைப்பைப் போடுகிறவருக்குப் பலன் கிடைக்க வேண்டும். இன்னொன்று, கண்காணிக்கிறவர் பயன்படுத்துகிறவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக இருக்க வேண்டும். நீர்பாய்ச்சியின் களத்துக் கூலி இரண்டாவது நிபந்தனையைத் தானே பார்த்துக்கொண்டது. வயல் காய்ந்தால் அவருக்கும் நெல் இல்லை.

ஆனால் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களை ஆராய்ந்த மானுடவியலாளர் டேவிட் மோஸ் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். கண்மாய் என்பது எல்லோரும் சமமாக உட்கார்ந்து பேசிய குடியாட்சி அல்ல, அதில் ஜமீனும் சாதியும் கோயில் மரியாதையும் கலந்திருந்தன என்றார். எங்கள் பக்கத்திலும் நீர்பாய்ச்சி வேலை பல ஊர்களில் பட்டியல் சாதிக் குடும்பங்களின் தலையில்தான் இருந்தது. ராத்திரியில் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி மடைக் கட்டையைத் தூக்கியவர்களுக்கு அந்த ஆயக்கட்டில் சொந்த நிலம் இருந்ததா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை. பழைய ஏற்பாடு அப்படியே திரும்ப வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் இதையும் சேர்த்துத்தான் ஆசைப்படுகிறார்கள்.

சரி, அந்த ஆயக்கட்டுக்குள் நான்கு பேர் கிணறு வெட்டி, கரண்ட் சர்வீஸ் வாங்கி, மோட்டார் போடுகிறார்கள். முதலில் எல்லோருக்கும் நல்லதுதான். கண்மாய் நிறைந்தால் கிணறு ஊறும். கண்மாய் வற்றிய கடைசி இரண்டு நனைப்புக்குக் கிணற்றுக்காரர் பக்கத்து வயலுக்கும் தண்ணீர் விற்பார். ஆனால் கிணறுகள் பெருகப் பெருக, பெரிய நிலக்காரர்கள் எல்லோரும் மோட்டார்காரர்கள் ஆகிறார்கள். மராமத்துக்கு ஆள் அனுப்ப அவர்களுக்கு அவசரமில்லை. நீர்பாய்ச்சிக்கு ஏன் நெல் அளக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அதிகாரியிடம் போய் வரத்துக்கால் ஆக்கிரமிப்பை எடுக்கச் சொல்லும் செல்வாக்கு அவர்களுக்குத்தான் உண்டு, இப்போது போவதற்கு அவர்களுக்குக் காரணம் இல்லை. ஆயக்கட்டில் கிணறுகள் ஓர் அளவைத் தாண்டினால் கூட்டு நிர்வாகம் தளர்கிறது என்று தமிழகக் கண்மாய்களைப் பற்றிய பொருளாதார ஆய்வுகள் சொன்னது இதைத்தான். மிஞ்சுவது, கிணறு இல்லாத சிறு விவசாயி. அவருக்குக் கண்மாயும் இல்லை, இலவச கரண்ட்டும் இல்லை. இலவச மின்சாரம் என்ற மானியம் கிணறு உள்ளவருக்குத்தான் போய்ச் சேரும், எத்தனை குதிரைத்திறன் மோட்டாரோ அத்தனை அதிகமாக.

கிணற்றுக்காரரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை, ஏனென்றால் அவரும் ஓடிக்கொண்டே இருக்கிறார். எங்கள் பக்கம் பூமிக்கடியில் கெட்டிப் பாறை. மேலே சிதைந்த மண் அடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும்தான் தண்ணீர் நிற்கும். ஆற்றுப் படுகை மணல்போல நிறையப் பிடித்து வைக்காது. பக்கத்து வயலில் 300 அடிக்கு ஆழ்துளைக் கிணறு (போர்) போட்டால் நம் கிணறு வற்றும், நாம் 500 போட்டால் அவருடையது வற்றும். திருச்செங்கோட்டு போர் வண்டி வந்து நின்றால் ஊரே வேடிக்கை பார்க்கும். எத்தனையோ இடங்களில் புழுதி மட்டும் பறந்து வண்டி போயிருக்கிறது, அடிக் கணக்கில் வாங்கிய கடன் மட்டும் நின்றிருக்கிறது. மோட்டார் ஓடத் தேவையான த்ரீ-பேஸ் கரண்ட் வரும் நேரத்துக்கு எல்லோரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டி வைத்திருப்பதால், கரண்ட் வந்ததும் எல்லா மோட்டாரும் ஒரே நொடியில் எழும். வோல்டேஜ் விழும், மோட்டாரின் கம்பிச் சுருள் எரியும். அதைப் புதிதாகச் சுற்றும் ரீவைண்டிங்குக்குக் கொடுக்கும் காசைச் சேர்த்தால் கரண்ட் இலவசம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஏக்கர் நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அது சுமார் 48 இலட்சம் லிட்டர். மோட்டாரும் பம்பும் சேர்ந்து 40 சதவீதத் திறனில் ஓடுவதாகக் கொள்வோம். 30 அடியிலிருந்து அத்தனை தண்ணீரையும் இறைக்கச் சுமார் 300 யூனிட் ஆகும். 300 அடியிலிருந்து இறைத்தால் 3,000 யூனிட். கண்மாய் மடையைத் திறந்து பாய்ச்சினால் ஒரு யூனிட்கூட வேண்டாம், சரிவே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஒரு போகத்தில் மழை எவ்வளவோ கைகொடுக்கும் என்பதால் உண்மையில் இறைப்பது இதைவிடக் குறையலாம், ஆனால் விகிதம் மாறாது. நிலத்தடி நீர் பத்து மடங்கு கீழே போனால் ஒரு மூட்டை நெல்லுக்குள் இருக்கும் மின்சாரமும் பத்து மடங்காகும். அந்த மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியில் வருவது. கண்மாயில் மண் மேடிட்டதற்கு ஒரு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. கண்மாய் ஒரு துறையிடம், கரண்ட் இன்னொரு துறையிடம், நெல் கொள்முதல் மூன்றாவது துறையிடம் இருப்பதால் இந்தக் கணக்கை ஒரே தாளில் எழுதுவோர் குறைவு.

சட்டம் போட்டுத் தடுக்கலாமே என்றால், அதுவும் நடந்தது. 2003-இல் தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கே வராமல் 2013-இல் நீக்கப்பட்டது. லட்சக்கணக்கான தனித்தனிக் கிணறுகளை ஓர் அலுவலகத்திலிருந்து கட்டுப்படுத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு அது அடையாளம்.

சூரிய மோட்டார் இதற்கு விடை என்று இப்போது நிறையப் பேர் நம்புகிறார்கள். 2019-இல் மத்திய அரசு தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தில் மானியம் கிடைக்கிறது. பகலில் கரண்ட் வருவதால் ராத்திரியில் டார்ச்சோடு பாம்புக்குப் பயந்து வயலுக்குப் போகும் துன்பம் ஒழியும். அது பெரிய விஷயம், நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நிலத்தடி நீரைப் பொறுத்தவரை சூரியன் தரும் இலவசமும் அரசு தரும் இலவசமும் ஒன்றுதான். ஒன்றைச் சிக்கனமாக்கினால் அதன் பயன்பாடு கூடிவிடுவதும் உண்டு என்று 1865-லேயே நிலக்கரியை வைத்துச் சொன்னார் ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் ஜெவான்ஸ். சொட்டுநீர் போட்டு மிச்சம் பிடித்த தண்ணீரில் பக்கத்துக் காட்டையும் நனைத்துவிடுகிறவர்களைப் பார்த்தால் அவர் சொன்னது புரியும். குஜராத்தின் டுண்டி கிராமத்தில் 2016-இல் விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து, இறைத்தது போக மிஞ்சிய சூரிய மின்சாரத்தை விற்கத் தொடங்கினார்கள். பஞ்சாபில் 2018-இல் மிச்சப்படுத்திய யூனிட்டுக்குக் காசு தரும் திட்டம் வந்தது. இரண்டிலும் இலவசத்தைப் பறிக்கவில்லை, மோட்டாரை நிறுத்தினால் வருமானம் என்று மாற்றினார்கள். எங்கள் பக்கத்துக்கு இந்த வழி பிடிக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இதிலும் கிணறு இல்லாதவருக்கு ஒன்றும் இல்லை. மிச்சமாகும் மானியப் பணத்தில் ஒரு பங்கு அந்த ஊர்க் கண்மாயின் வரத்துக்காலுக்கும் நீர்பாய்ச்சியின் கூலிக்கும் போக வேண்டும் என்று விதி வைத்தால்தான் அவருக்குச் சோறு.

கண்மாய்க்குள் முளைத்த சீமைக் கருவேலத்தையும் இதே கண்ணால் பார்க்கலாம். அமெரிக்கக் கண்டத்து மரம், விறகுத் தட்டுப்பாட்டுக்கு என்று பரப்பப்பட்டது. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னபோது ஊர் ஊராக ஜே.சி.பி. இறங்கியது. கண்மாயைக் கெடுத்த மரம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் விவசாயக் கூலி கிடைக்காத மாதங்களில் நிலமில்லாத குடும்பங்கள் அதை வெட்டித்தான் உலை வைத்தார்கள். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்கள் இன்றும் ஏராளம். மதுரையில் பரோட்டாக் கல்லுக்கு அடியில் எரிவதும் பெரும்பாலும் அந்த விறகுதான். மரத்தை எடுக்கும்போது அந்த அடுப்புகளுக்கும் அந்தக் கூலிக்கும் பதில் என்ன என்று கேட்டிருக்க வேண்டும்.

அடுப்பு என்றதும் இன்னொன்று. பேரையூர், தே. கல்லுப்பட்டிக் கரிசலில் குதிரைவாலி மானாவாரியாக விளையும். மோட்டார் வேண்டாம், கண்மாயும் வேண்டாம், மழை போதும். பிறகு ஏன் வீட்டுத் தட்டிலிருந்து போயிற்று? ரேஷன் அரிசியைச் சொல்வார்கள், நாக்கு மாறிவிட்டது என்பார்கள். எங்கள் அம்மாச்சியைக் கேட்டால் உரலைக் காட்டியிருப்பார். குதிரைவாலியின் உமி எளிதில் போகாது. குத்தி, புடைத்து, மறுபடி குத்த வேண்டும், விடியுமுன் எழுந்து பெண்கள்தான் குத்த வேண்டும். நெல்லுக்கு கரண்ட் மில் வந்தது. சிறுதானியத்துக்கு ஊருக்குள் மில் வரவில்லை. நெல் அரிசியை ஊற வைத்து கிரைண்டரில் போட்டால் மாவு, உலக்கைக்கு வேலையில்லை. 2011-க்குப் பிறகு அரசே மிக்ஸியும் கிரைண்டரும் தந்தது. பெண்களின் தோள் வலிதான் அந்த உணவு மாற்றத்தின் எரிசக்திக் கணக்கு. சிறுதானியம் சாப்பிடுங்கள் என்று 2023-இல் உலக ஆண்டு கொண்டாடியபோது, உமி நீக்கும் எந்திரம் எத்தனை ஊராட்சியில் இருக்கிறது என்று கேட்டவர் குறைவு. இப்போது அதே கரிசலில் மக்காச்சோளம் நிற்கிறது. கோழித் தீவனத்துக்குப் போன சோளம் இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கும் போகிறது. நாட்டின் எரிபொருள் கொள்கை பேரையூர் விவசாயி எதை விதைப்பார் என்பது வரை வந்துவிட்டது.

போன முறை எங்கள் கண்மாய் கலுங்கு தாண்டியபோது தாத்தாவின் கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு ஏறியது. பக்கத்து போர்க்காரர் பெரியப்பா, “இந்த வருசம் மோட்டாரை ஆழத்துலேர்ந்து தூக்கிக் கட்டலாம்டா” என்றார். மூன்றாம் மடைக்குக் கீழே, கிணறே இல்லாத ஆறு குடும்பத்து வயல் இருக்கிறது. மடைக் கட்டையைத் தூக்க ஆள் இல்லாமல், அவர்களில் ஒருவரே தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். பெரியப்பா மோட்டார் ரூம் கதவைப் பூட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைமேல் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.